தீவிர சிகிச்சையில் இருக்கும் உடலின் கொழுப்புத் திசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் முழுவதும் பரவி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் கடும் தொற்றான செப்சிஸ், பெரிய விபத்து, பெருந்தீக்காயம், வென்டிலேட்டர் தேவைப்படும் நுரையீரல் பாதிப்பு ஆகியவற்றால் ஐசியுவில் வாரக்கணக்கில் படுத்திருப்பவர்களின் உறவினர்கள் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்கும் கேள்விகள் பல, கூர்ந்து பார்த்தால், உடற்கொழுப்பைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பொதுவான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன. படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதை அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே சொல்ல முடியும்.

மூன்று வாரத்தில் அப்பா பாதி உடம்பாகிவிட்டார். கரைந்தது கொழுப்புதானே?

பெரும்பாலும் இல்லை, கரைந்ததில் முதலிடம் தசைக்கு. லண்டன் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐசியு நோயாளிகள் 63 பேரின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டு கருவியால் அளந்துவந்தபோது, முதல் 10 நாட்களுக்குள் அத்தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களிடம் இந்த இழப்பு இன்னும் அதிகமாக இருந்தது.

சிறுநீரை அளந்தாலும் இதே கதைதான் தெரிகிறது. கடும் செப்சிஸில் ஒரே நாளில் 20 கிராம் நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறுவது அரிதன்று. ஒரு கிராம் நைட்ரஜன் என்பது 6.25 கிராம் புரதத்தின் சிதைவைக் குறிக்கும். புரதத்தோடு சேர்ந்திருக்கும் நீரையும் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 30 கிராம் தசைக்குச் சமம். அந்தக் கணக்கில் அந்த நோயாளி நாளொன்றுக்கு 600 கிராம் அளவுக்குத் தசையையும் அதையொத்த திசுக்களையும் இழந்துகொண்டிருக்கிறார்.

இதைக் கண்ணாலேயே ஓரளவு பார்க்கலாம். நெற்றிப்பொட்டு குழிந்துபோவதும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் உள்ள மேடு பள்ளமாவதும் தசை இழப்பின் அடையாளங்கள். அதே நோயாளியின் வயிற்றுத் தோலை விரல்களால் கிள்ளிப் பிடித்துப் பார்த்தால், அங்குள்ள கொழுப்பு மடிப்பு பெரிய அளவில் மாறாமல் இருப்பதுண்டு. எடையை மட்டும் நம்புவது இன்னும் ஆபத்தானது. ரத்த அழுத்தத்தைக் காப்பாற்ற முதல் நாட்களில் ஏற்றப்படும் சலைன் உடலிலேயே தேங்கி, சிலரிடம் பத்து லிட்டரையும் தாண்டிவிடும் என்பதால், தசை கரைந்துகொண்டிருக்கும்போதே படுக்கைத் தராசு எடை கூடியதாகக் காட்டும்.

கொழுப்புத் திசு என்பது சும்மா கிடக்கும் சேமிப்புதானே?

அப்படித்தான் நெடுங்காலம் கருதப்பட்டது. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்களிலிருந்தே சுரக்கிறது என்பது 1994-இல் தெரியவந்த பிறகு அந்தக் கருத்து மாறியது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிப்போனெக்டின் உள்ளிட்ட வேறு பல பொருள்களையும் இத்திசு சுரக்கிறது; கடும் நோயின் தொடக்கத்தில் ரத்தத்தில் அடிப்போனெக்டினின் அளவு விழுந்துவிடுகிறது. இவை தவிர, நோய் எதிர்ப்பு அணுக்களும் கொழுப்புத் திசுவுக்குள் குடியிருக்கின்றன. கொரோனா வைரஸ் மனிதக் கொழுப்புத் திசுவையே தொற்றி அங்கு அழற்சியைக் கிளப்பக்கூடும் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டியதும், இத்திசு நோயின்போது ஒதுங்கி நிற்பதில்லை என்பதற்கு ஒரு சான்று.

நோய் தாக்கியவுடன் கொழுப்புச் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

கொழுப்புச் செல்லின் பெரும்பகுதியை டிரைகிளிசரைடு என்ற எண்ணெய்த் துளி நிறைத்திருக்கிறது. அட்ரினலின், நார்அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் ஆகிய நெருக்கடிக் கால ஹார்மோன்கள் ஒன்றுசேர்ந்து உயரும்போது, அச்செல்லுக்குள் இருக்கும் லிப்பேஸ் நொதிகள் முடுக்கிவிடப்பட்டு, டிரைகிளிசரைடு உடைந்து கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் ரத்தத்தில் கொட்டுகின்றன. சாதாரண நாட்களில் இந்த உடைப்புக்கு அணை போடுவது இன்சுலின். கடும் நோயில் இன்சுலின் சுரந்தாலும் திசுக்கள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்பதால் அணை பலவீனப்பட்டுவிடுகிறது.

ஆனால் வெளியே வந்த கொழுப்பு அமிலம் அத்தனையும் எரிந்து ஆற்றலாவதில்லை. தீக்காய நோயாளிகளை ஆராய்ந்த ராபர்ட் உல்ஃப் குழுவினர் 1987-இல் காட்டியபடி, விடுவிக்கப்படும் கொழுப்பு அமிலங்களில் கணிசமான பங்கு மீண்டும் டிரைகிளிசரைடாகவே கட்டப்படுகிறது. உடைப்பதும் கட்டுவதுமாகச் சுற்றும் இந்தச் சுழற்சி, வெப்பத்தை வெளியிடுவதைத் தவிரப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. கல்லீரலுக்குப் போய்ச் சேரும் பங்கு அங்கேயே படிந்து கொழுப்புக் கல்லீரலை உண்டாக்குகிறது. செப்சிஸில் ரத்தத்திலுள்ள கொழுப்பைத் திசுக்களுக்குள் இறக்கும் லிப்போபுரத லிப்பேஸ் நொதியும் மந்தமாகிவிடுவதால், ரத்த டிரைகிளிசரைடு அளவு ஏறுகிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் உலைக்கு அரிசி வந்து சேராத வீட்டின் நிலைதான் இது. கொழுப்பு இருக்கிறது, அது வெளியே எடுக்கவும் படுகிறது, ஆயினும் செல்களின் பசி தீராமல் தசைப் புரதம் உடைபடுகிறது.

பட்டினி கிடந்தாலும் உடல் மெலிகிறதே. அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை பலவும் எளிதில் விளங்கிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 15 கிலோ கொழுப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், கிராமுக்கு 9 கலோரி வீதம் 1,35,000 கலோரி சேமிப்பில் இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவானாலும் இரண்டு மாதத்திற்கு மேல் தாங்கக்கூடிய இருப்பு அது. ஆரோக்கியமான உடல் பட்டினி கிடக்கும்போது இந்த இருப்பை மிகச் சிக்கனமாகக் கையாள்கிறது. சில நாட்களுக்குள் கல்லீரல், கொழுப்பு அமிலங்களிலிருந்து கீட்டோன்களை நிறையத் தயாரிக்கத் தொடங்குகிறது. மூளை அவற்றை எரிபொருளாக ஏற்றுக்கொள்கிறது. குளுக்கோஸுக்காகத் தசையை உடைக்க வேண்டிய தேவை குறைகிறது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கேஹிலின் கணக்குப்படி, பட்டினியின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவில் இருக்கும் புரத இழப்பு, சில வாரங்களில் 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. கூடவே உடலின் ஆற்றல் செலவும் குறைகிறது.

கடும் நோயில் இந்தச் சிக்கன நடவடிக்கைகள் எதுவும் ஒழுங்காக நடைபெறுவதில்லை. ஆற்றல் செலவு குறைவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் கூடுகிறது. கீட்டோன் தயாரிப்பு எதிர்பார்த்த அளவுக்கு உயர்வதில்லை. புரத உடைப்பும் தானாக அடங்குவதில்லை. காயம்பட்ட உடலில் முதலில் ஒரு தாழ்நிலைக் கட்டமும், பின்னர் எல்லாம் வேகமெடுக்கும் கட்டமும் வருவதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்சன் 1930-களிலும் 40-களிலும் விளக்கினார். எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் வழக்கத்தை மீறி நைட்ரஜன் போவதை அளந்துதான் அவர் இந்த ஆராய்ச்சிக்குள் வந்தார். ஆகவே “உடம்பில்தான் கொழுப்பு இருக்கிறதே, சில நாள் சாப்பிடாவிட்டால் என்ன” என்ற வாதம் ஆரோக்கியமாக விரதம் இருப்பவருக்குப் பொருந்தலாம். செப்சிஸில் கிடப்பவருக்கு அப்படியே பொருந்தாது.

நாட்கள் நீளும்போது கொழுப்புத் திசுவே உருமாறுகிறதா?

உருமாறுகிறது, அதுவும் பலரும் எதிர்பார்க்காத திசையில். பெல்ஜியத்தின் லியூவன் பல்கலைக்கழகத்தில் லீஸ் லாங்கூஷ், கிரீட் வான் டென் பெர்க் ஆகியோரின் குழு, ஐசியுவில் உயிரிழந்த 61 நோயாளிகளின் தோலடிக் கொழுப்பையும் வயிற்றறைக் கொழுப்பையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டது. வெறும் சிதைவை அவர்கள் காணவில்லை. சிறிய அளவிலான கொழுப்புச் செல்கள் அதிக எண்ணிக்கையில் தோன்றியிருந்தன. பெரிதாக உப்பி நிற்கும் செல்லைவிடச் சிறிய செல்லுக்கு, ரத்தத்தில் மிதமிஞ்சியிருக்கும் குளுக்கோஸையும் கொழுப்பு அமிலத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் திறன் அதிகம். இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே விடும் குளூட்1 என்ற கடத்திப் புரதமும் கூடியிருந்தது.

இன்னொரு மாற்றமும் கவனத்திற்குரியது. பருமனான உடலில் கொழுப்புத் திசுவுக்குள் புகும் பெருவிழுங்கிகள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் பொதுவாக அழற்சியைத் தூண்டும் வகையைச் சேர்ந்தவை. இந்த நோயாளிகளிடம் மிகுந்திருந்தவையோ அழற்சியைத் தணித்துத் திசுவைச் செப்பனிடும் வகையைச் சேர்ந்தவை. தசையும் கல்லீரலும் தடுமாறும் நேரத்தில் ரத்தத்தில் மிதக்கும் நச்சுத்தன்மையுள்ள உபரியைக் கொழுப்புத் திசு வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறது என்றும், இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கலாம் என்றும் அக்குழுவினர் கருதினர். ஆராயப்பட்டவர்கள் உயிர் பிழைக்காதவர்கள் என்பதால் “பாதுகாப்பு” என்ற சொல்லை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. எனினும் கடும் நோயில் கொழுப்புத் திசு வெறுமனே கரைந்துகொண்டிருக்கிறது என்ற படிமம் தவறு என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் மூக்குக் குழாய் வழியாகவும் நரம்பு வழியாகவும் நிறைய சத்து கொடுத்துத் தசையைக் காப்பாற்றலாமே?

அன்பின் மிகுதியால் கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் ஆய்வுகள் சொல்லும் விடை கசப்பானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஸ்டீபன் ஸ்ட்ரீட், கிரஹாம் ஹில் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளுக்கு நரம்பு வழியாகத் தாராளமாக ஊட்டச்சத்து செலுத்தி, பத்து நாள் இடைவெளியில் அவர்களின் உடற்கூறுகளை அளந்தார்கள். கொழுப்பு கூடியிருந்தது, உடற்புரதத்திலோ எட்டில் ஒரு பங்கு போயிருந்தது. கொடுத்த கலோரி கொழுப்புக் கிடங்குக்குப் போனதே தவிர, தசைக்குப் போகவில்லை.

பெல்ஜியத்தில் 4,640 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் வெளியான எபனிக் ஆய்வு இதை இன்னும் பெரிய அளவில் சோதித்தது. குழாய் உணவு போதாத குறையை இரண்டு நாளுக்குள் நரம்பு வழியாக நிரப்பியவர்களைவிட, எட்டாம் நாள் வரை காத்திருந்து தொடங்கியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது; அவர்கள் விரைவாகவும் ஐசியுவிலிருந்து வெளியேறினார்கள். அதே ஆய்வைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினருக்குச் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, முதல் வாரத்தில் தொடைத் தசை இரு தரப்பிலும் ஒன்றுபோல் சுருங்கியிருந்தது; சீக்கிரம் ஊட்டப்பட்டவர்களிடம் மட்டும் தசைப் பகுதிக்குள் கொழுப்பு கூடியிருந்தது.

உணவே வேண்டாம் என்பது இதற்குப் பொருளன்று. குடல் இயங்கும் நிலையில் இருந்தால் முதல் 48 மணி நேரத்திற்குள் குழாய் வழியாகச் சிறிதளவில் உணவைத் தொடங்கி, நாட்கள் செல்லச் செல்லக் கூட்டிக்கொண்டு போவதே இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல்களின் போக்கு. “டிரிப்ஸில் இன்னும் கொஞ்சம் சத்து ஏற்றுங்கள்” என்று உறவினர் வற்புறுத்தும்போது மருத்துவர் தயங்குவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தீக்காயத்தில் கொழுப்பு நிறம் மாறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நம் உடலில் பெரும்பாலானது ஆற்றலைச் சேமிக்கும் வெண்கொழுப்பு. ஆற்றலை நேரடியாக வெப்பமாக எரித்துவிடும் பழுப்புக் கொழுப்பு பச்சிளங் குழந்தைகளிடம் நிறையவும், வளர்ந்தவர்களிடம் கழுத்து, காறையெலும்பு ஆகியவற்றை ஒட்டிச் சிறிதளவும் இருக்கிறது. பெருந்தீக்காயத்திற்குப் பிறகு தோலடி வெண்கொழுப்பு மெல்ல மெல்லப் பழுப்புக் கொழுப்பின் குணங்களைப் பெறுவதை 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே மனிதர்களிடம் காட்டின. செல்களுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்டிரியா பெருகுகிறது. எரிப்பைப் பயனுள்ள வேலையிலிருந்து பிரித்து வெறும் வெப்பமாக்கும் யுசிபி1 என்ற புரதம் தோன்றுகிறது. இதற்குத் தூண்டுகோல் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள்.

உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கு இந்தப் பழுப்பு மாற்றம் ஒரு கனவு. ஏற்கனவே இருமடங்கை நெருங்கும் ஆற்றல் செலவில் தவிக்கும் தீக்காய நோயாளிக்கு அதுவே சுமை. டேவிட் ஹெர்ன்டன் தலைமையில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடும் தீக்காயம் பட்ட 25 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், அட்ரினலினின் தாக்கத்தைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை ஓய்வுநிலை ஆற்றல் செலவையும் தசை இழப்பையும் குறைத்தது. இம்மருந்து இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது என்பதால், தீக்காயச் சிகிச்சைப் பிரிவின் கண்காணிப்பில் மட்டுமே தரப்படுகிறது.

பருமனானவர்கள் ஐசியுவில் அதிகம் பிழைக்கிறார்கள் என்பது சரியா?

பல பெரிய தொகுப்பாய்வுகளில், மிதமான பருமன் உள்ளவர்களின் இறப்பு விகிதம் ஒல்லியானவர்களுடையதைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. இதற்கு ஓர் உயிரியல் விளக்கம் உண்டு. லியூவன் குழுவினரின் எலிச் சோதனைகளில், செப்சிஸுக்கு முன்பே பருத்திருந்த எலிகள் தங்கள் கொழுப்பை எரித்துத் தசையை ஓரளவு காப்பாற்றிக்கொண்டன. கொழுப்பை உடைக்கும் நொதி நீக்கப்பட்ட எலிகள் அதிகம் பலவீனமடைந்தன. கீட்டோன் கொடுக்கப்பட்டபோது செப்சிஸ் எலிகளின் தசை வலு மேம்பட்டது. மனித நோயாளிகளிலும் அதிக எடையுள்ளவர்களிடம் ஐசியுவில் இருக்கும்போது உண்டாகும் தசை பலவீனம் குறைவாக இருந்ததை அதே குழு கண்டது.

ஆனாலும் இதைப் பருமனுக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒல்லியானவர்கள் என்று எண்ணப்பட்டவர்களில் பலர், புற்றுநோய், காசநோய் முதலியவற்றால் முன்பே உருக்குலைந்தவர்களாக இருந்திருக்கலாம். கொரோனா காலத்தில் பருமனானவர்களே அதிகமாக வென்டிலேட்டர் வரை போனார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. ஐசியுவுக்குள் வந்த பிறகு பிழைப்பது ஒரு கேள்வி. ஐசியுவுக்கு வராமலிருப்பது வேறொரு கேள்வி.

வயிற்றுக் கொழுப்பும் தோலடிக் கொழுப்பும் ஒரே மாதிரியா?

இல்லை. அந்த வேறுபாடு மிகக் கொடூரமாக வெளிப்படும் இடம் கடும் கணைய அழற்சி. புண்பட்ட கணையத்திலிருந்து கசியும் லிப்பேஸ், சுற்றியுள்ள வயிற்றறைக் கொழுப்பையே செரிக்கத் தொடங்குகிறது. வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து, வேதியியல் பொருளில் சோப்பாகவே மாறி, அறுவை மருத்துவரின் கண்ணுக்குச் சுண்ணாம்புத் திட்டுகளாகத் தெரிகின்றன. ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது. நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. தொப்பை பெரிதாக உள்ளவர்களுக்குக் கணைய அழற்சி மோசமாகப் போவதற்கு இது ஒரு காரணம்.

இதோடு நம் பகுதி மக்களுக்கு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) இருவருக்கும் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தெற்காசியர் ஒருவர் பார்வைக்கு ஒல்லியாக இருப்பதால் அவரிடம் கொழுப்பு குறைவு என்றோ, தசை போதுமான அளவு இருக்கிறது என்றோ முடிவுசெய்ய இயலாது.

மயக்க மருந்தை நிறுத்தியும் அம்மா இன்னும் கண் விழிக்கவில்லை. இதற்கும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். மிடசோலம், ஃபென்டானில் முதலிய மருந்துகள் கொழுப்பில் எளிதில் கரைபவை. பல நாள் தொடர்ந்து செலுத்தப்படும்போது அவை கொழுப்புத் திசுவில் ஊறித் தேங்கி, நிறுத்திய பிறகும் மெல்ல ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். பருமனானவர்களிடம் இது மேலும் நீளும். கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு, மூளையின் நிலை ஆகிய பிற காரணங்களையும் மருத்துவர் சேர்த்தே பார்ப்பார்.

பால் நிறத்தில் சொட்டும் புரோப்போஃபால் மருந்தைப் பற்றியும் ஒரு குறிப்பு. அது சோயா எண்ணெயில் கலந்து தயாரிக்கப்படுவதால் மில்லிலிட்டருக்கு 1.1 கலோரி தருகிறது. மணிக்கு 15 மில்லிலிட்டர் வீதம் ஓடினால் ஒரு நாளில் சுமார் 400 கலோரி கொழுப்பாகவே உள்ளே போகிறது. உணவியல் நிபுணர் குழாய் உணவின் அளவைக் குறைத்திருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

வீட்டில் தோலடியில் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினை ஏன் நரம்பு வழியாகக் கொடுக்கிறார்கள்?

ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்க நார்அட்ரினலின் ஓடும்போது தோலடிக் கொழுப்புக்குப் போகும் ரத்த ஓட்டம் சுருங்கிவிடுகிறது; வீக்கமும் சேர்ந்துகொண்டால், அங்கே போடும் மருந்து எப்போது, எவ்வளவு உறிஞ்சப்படும் என்று கணிக்க முடியாது. நரம்பு வழியாகக் கொடுத்தால் மணிக்கு மணி அளவை மாற்றிக்கொள்ளலாம்.

வீடு திரும்பிய பிறகு எடை மளமளவென்று ஏறுகிறது. குணமாகிவிட்டார் என்று கொள்ளலாமா?

எடையை வைத்து அப்படிக் கொள்ள முடியாது. டொரண்டோ நகரில் கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து மீண்ட 109 பேரைப் பின்தொடர்ந்து மார்கரெட் ஹெரிட்ஜ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஐசியுவை விட்டு வெளியேறும்போது அவர்கள் தங்கள் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஓராண்டில் 71 விழுக்காட்டினர் பழைய எடைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அவர்களைப் போன்ற ஆரோக்கியமானவர்கள் நடக்க வேண்டிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. எடை திரும்பிய வேகத்தில் வலு திரும்பவில்லை. நடமாட்டம் இல்லாமல் உணவு மட்டும் கூடும்போது, திரும்பும் எடையில் கொழுப்பின் பங்கே மேலோங்கும்.

எனவே வீட்டில் தராசைப் பார்ப்பதைவிட வேறு சிலவற்றைக் கவனிப்பது பயன்தரும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, மாடிப்படியில் எத்தனை படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது, தண்ணீர் நிறைந்த செம்பை ஒரு கையால் தூக்க முடிகிறதா என்பவை. பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் நெய்ப் பண்டங்களும் சர்க்கரை கலந்த சத்துப் பானங்களும் கலோரியைக் கூட்டுமே தவிரத் தசையைக் கட்டுவதில்லை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றில் உடலுக்கு ஒத்துக்கொள்வதை வேளைதோறும் சேர்த்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் எழுந்து உட்காரும் பயிற்சியையும் நடையையும் அன்றாடம் செய்துவர வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவு வேறுபடும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அதைக் கூட்ட வேண்டும்.